அம்மாவுக்குப் பிறந்த வீடு இருந்தது

சென்ற ஆண்டு நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஐப்பசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், காலை ஆறரை மணி அளவில், மேற்குத் தாம்பரத்தில் உள்ள எங்கள் வீட்டில் அம்மா இயற்கை எய்தினார்.

2. அண்ணன் முதலில் தொலைபேசியில் அழைத்தது மாமாவை. அம்மாவுக்கு உடன்பிறந்தவர் என்று இருந்தவர் அவர் ஒருவர்தான். பதினொரு மணிக்கு மாமா காரில் வந்து இறங்கினார்.

3. அம்மாவைக் குளிப்பாட்டிக் கிடத்தியதும், சடங்கு செய்ய வந்தவர் வழக்கம்போலக் குரல் கொடுத்தார்: "பொறந்த வூட்டுக் கோடி யாருப்பா? எடுத்துகினு வாங்க."

4. எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா நாற்காலியை விட்டு எழவில்லை. "பொறந்த வூடு எதுன்னு எனக்கு இன்னா தெரியும்? நாங்க வளத்த வூடு. வளத்த வூட்டுக்குக் கோடி போடுற மொற கெடையாது" என்றார்.

5. அது பொய் என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

6. சடங்கு செய்தவர் இரண்டாம் முறை கேட்கவில்லை. அம்மா தீபாவளிக்கென்று வாங்கி மடிப்புக் கலையாமல் வைத்திருந்த புடவையை அண்ணன் பீரோவிலிருந்து எடுத்து வந்து போர்த்தினார். ஒரு பெண்ணுக்குப் பிறந்த வீடு கடைசியாகக் கொடுக்கும் துணி அம்மாவுக்குக் கிடைக்கவில்லை.

7. மாமா ஒரு மாலை போட்டார். மயானத்துக்கு வரவில்லை.

8. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் நான் ஒரு நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில் "அம்மா யாருடைய மகள்: ஆதாரங்கள்" என்று எழுதினேன்.

இது அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு மலர். இதைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அம்மாவின் நற்குணங்களைப் படிக்க எதிர்பார்ப்பீர்கள். அவற்றையும் எழுதியிருக்கிறேன். ஆனால் நான்காவதாக எழுதியிருப்பதை உங்களில் பலர் நேரில் கேட்டீர்கள். கேட்டவர்கள் அத்தனை பேருக்கும் பதிலும் போய்ச் சேர வேண்டும். அதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதும் பொறுப்பை அண்ணனிடமிருந்து கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அம்மா பிறந்தது திருநீர்மலைக்குத் தெற்கே, இன்று மாநகராட்சியின் ஒரு வார்டாகிவிட்ட ஊரில். அப்போது அங்கே ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்தது. தாத்தாவுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நஞ்சையும் ஓட்டு வீடும் இருந்தன. அம்மா பிறந்தது வீட்டிலேயே. பிறப்பைப் பதிவு செய்யும் வழக்கம் அந்த ஊரில் அப்போது யாருக்கும் இல்லை. உள்ளூர்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தார். கணக்கில் கெட்டிக்காரர். மனக்கணக்கில் அவரை மிஞ்ச என்னால் கடைசி வரை முடியவில்லை. நான் பொறியியல் படித்தவள்.

மாமா அம்மாவைவிட ஆறு வயது இளையவர். அவரை இடுப்பில் தூக்கிச் சுமந்து வளர்த்தது அம்மாதான். ஏரிக்கரையில் மாமாவுக்குத் தேள் கொட்டியபோது அவரைத் தோளில் போட்டுக்கொண்டு பம்மல் வரை ஓடிய கதையை அம்மா பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தக் கதையில் தன் காலில் செருப்பு இல்லை என்பதை ஒரு முறைகூடச் சொன்னதில்லை. அது அவருடைய சித்தப்பா முறை உறவினர் ஒருவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

திருமணத்துக்குப் பிறகு அம்மா தாம்பரம் வந்தார். அப்பா ரயில்வே பணிமனையில் பிட்டராக இருந்தார். நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது அப்பா காலமானார். அதற்குப் பிறகு அம்மா வீட்டு வாசலில் கிரைண்டர் போட்டு இட்லி மாவு அரைத்து விற்று எங்கள் இருவரையும் படிக்க வைத்தார். எங்கள் தெருவில் அவருக்குப் பெயரே மாவு அக்கா. அரிசியைக் கையில் எடுத்துப் பார்த்தே எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்று சொல்வார். யாராவது புளித்த மாவைத் திருப்பிக் கொண்டுவந்தால் ஒரு வார்த்தை பேசாமல் புதியது கொடுப்பார். "அவங்க வூட்ல ஃப்ரிட்ஜ் இல்ல, அவங்க இன்னா பண்ணுவாங்க" என்பார்.

அந்த ஆண்டுகளில் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தது மிகக் குறைவு. அதைக் குறையாக எழுதவில்லை. அவருக்கு வேலைகள் இருந்தன. பொத்தேரியில் மாணவர் விடுதி கட்டினார், ஊரில் பெரிய மனிதரானார். குறையாக எழுத வேண்டியது வேறு.

தாத்தா காலமான சில மாதங்களில் மாமா வாரிசுச் சான்றிதழ் வாங்கினார். அதில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. பாட்டி அதற்கு முன்பே போய்விட்டார். அம்மாவின் பெயர் ஏன் இல்லை என்று அப்பா கேட்டதற்கு, அது சும்மா ஒரு காகிதம், பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று மாமா சொன்னாராம். விசாரணைக்கு வந்தவரிடம் மாமா சொல்லி எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தின் நகல் எங்கள் கைக்குக் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. தகவல் அறியும் சட்டத்தில் விண்ணப்பித்து நான்தான் வாங்கினேன். அதில் இப்படி இருந்தது: "மேற்படி பெண் எங்கள் வீட்டில் வேலைக்கு இருந்த ஒருவரின் மகள். என் தகப்பனார் இரக்கப்பட்டு எடுத்து வளர்த்தார்."

வாக்குமூலம் காகிதத்தில் இருந்தது. சொல் ஊரில் இருந்தது. மாமா மகளின் திருமணத்தில் அத்தை முறைக்கு ஆரத்தித் தட்டைப் பிடிக்க அம்மா எழுந்து போனார். மாமாவின் மனைவி அந்தத் தட்டை அம்மாவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நீங்க ஒக்காருங்க, சொந்தத்துல யாராச்சும் வரட்டும்" என்றார். அம்மா திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கையை மடியில் வைத்துக்கொண்டு, சாம்பார் நன்றாக இருந்ததா என்று என்னைக் கேட்டார். அப்போது இன்னும் பந்தி போடவே இல்லை.

நான் கேட்டதுண்டு. ஏன் பதில் சொல்லாமல் இருக்கிறீர்கள் என்று கல்லூரிக் காலத்தில் சண்டையே போட்டிருக்கிறேன். இருவரும் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் ஒரே வாரத்தில் முடிந்துவிடும் என்றேன். அம்மாவுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். "அந்தப் பேச்சே இந்த வூட்ல வரக்கூடாது" என்றார். பரிசோதனையில் தோற்றுவிடுவோம் என்று பயப்படுகிறாரோ என்று அன்று நானே ஒரு கணம் நினைத்தேன். இந்த மலரில் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியவர் ஒருவர் உண்டென்றால் அது அம்மா. கேட்க வேண்டியது அந்த ஒரு கணத்துக்காக.

நோட்டுக்கு வருகிறேன். நான் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில், இரும்பு உதிரிபாகங்களின் அளவைச் சரிபார்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன். ஒரு பொருள் சரியில்லை என்று ஒருவர் சொன்னால் எதை வைத்துச் சொல்கிறார் என்று கேட்பதுதான் என் வேலை. அதே முறையில் ஒவ்வொன்றாகப் போனேன். பிறப்புச் சான்றிதழ் இல்லை. பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு ஏரி உடைந்து வெள்ளம் வந்த ஆண்டு கூழாகிப் போனது. திருமண அழைப்பிதழில் "மகள்" என்று இருந்தது. மாமா தரப்பில் அதற்கு ஏற்கனவே பதில் இருந்தது: எடுத்து வளர்த்த பெண் என்று அச்சடித்தால் யார் கட்டிக்கொள்வார்கள்?

மிச்சம் இருந்தது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. வெளிநாடுகளில் கொள்ளுத்தாத்தா எந்த வீட்டில் யாரோடு இருந்தார் என்று பழைய கணக்கெடுப்புத் தாளை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள். நம் நாட்டிலும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பினேன். தாம்பரம் தாலுகா என்று தேடியதில் ஊரே கிடைக்கவில்லை. நூலகத்தில் இருந்த பெரியவர் ஒருவர், அந்தக் காலத்தில் நம் ஊர்கள் எல்லாம் சைதாப்பேட்டை தாலுகா என்று சொல்லிப் பழைய மாவட்டக் கையேட்டை எடுத்துக் கொடுத்தார். ஊர் இருந்தது. ஏரி இருந்தது. பள்ளி ஒன்று, அஞ்சலகம் இல்லை. வீடுகள் இத்தனை, ஆண்கள் இத்தனை, பெண்கள் இத்தனை. அந்தப் பெண்களின் எண்ணிக்கையில் ஒன்று அம்மா. எந்த ஒன்று என்று புத்தகம் சொல்லவில்லை. பெயர்கள் எங்கே என்று கேட்டேன். பெயர் எழுதிய சீட்டுகள் சட்டப்படி ரகசியம், எண்ணி முடித்ததும் அவற்றை வைத்திருப்பதும் இல்லை என்றார். நோட்டில் கணக்கெடுப்பு என்ற வரியையும் அடித்தேன்.

அடித்த பிறகுதான் அம்மா சொன்ன ஒன்று நினைவுக்கு வந்தது. எழுபத்தொன்றாம் ஆண்டுக் கணக்கெடுப்புக்கு ஊர்ப் பள்ளி வாத்தியாரையே எழுத அனுப்பியிருந்தார்கள். வீட்டில் எத்தனை பேர் என்று அவர் கேட்கவில்லை. எத்தனை உலை என்று கேட்டாராம். ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் தனித்தனியாக உலை வைத்துச் சமைத்தால் தனித்தனிக் குடும்பம். ஒரே பானையில் சாப்பிட்டால் ஒரே குடும்பம். கணக்கெடுப்பில் அதுதான் விதி. அதற்குத் தாத்தா, "ஒரே உலைதான் வாத்தியாரே, அஞ்சு வயிறு" என்றாராம். அதைச் சொல்லும்போதெல்லாம் அம்மா சிரிப்பார். வாத்தியார் மை சிந்திவிடும் என்று பயந்து முதலில் பென்சிலால் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, பிறகுதான் அரசாங்கச் சீட்டில் பேனாவால் எழுதுவார் என்பதும் அந்தக் கதையில் வரும்.

வாத்தியார் இப்போது இல்லை. அவருடைய மகள் குரோம்பேட்டையில் இருக்கிறார். அவரும் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் டீச்சர் என்றே எழுதுகிறேன். நான் போய் யார் என்று சொன்னதும் அவர் உள்ளே வரச் சொல்லவில்லை. வாசலில் நிற்க வைத்தே பேசினார்.

"நோட்டு இருக்கு. ஆனா அது அப்பாவே வெச்சிருக்கக் கூடாததும்மா. வெளிய காட்டாதன்னு சொல்லிட்டுத்தான் போனாரு."

எங்கள் வீட்டு வரியை மட்டும் பார்த்தால் போதும் என்றேன்.

"உங்க மாமாவும் இதத்தான் கேட்டாரு" என்றார்.

எப்போது என்று கேட்டேன். தாத்தா காலமான ஆண்டைச் சொன்னார். வாரிசுச் சான்றிதழ் வாங்கிய அதே ஆண்டு.

"அப்பா அப்ப படுக்கையில இருந்தாரு. அவங்க வீட்டு வரிதானேன்னு அப்பாதான் காட்டச் சொன்னாரு. உங்க மாமா ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் இந்தத் தாள மட்டும் கிழிச்சுக் குடுங்க வாத்தியாரேன்னாரு. அப்பா மாட்டேன்னுட்டாரு. இதுல உன் குடும்பம் மட்டும் இல்லப்பா, பின்னாடிப் பக்கம் வேற நாலு குடும்பம் இருக்குன்னாரு."

அதன் பிறகுதான் உள்ளே விட்டார். மேசை மேல் நோட்டைப் பிரித்து, மேலே ஒரு வெள்ளைத் தாளும் கீழே ஒரு வெள்ளைத் தாளும் வைத்து மற்ற வீடுகளை மறைத்தார். நடுவில் எங்கள் வீடு மட்டும் தெரிந்தது. பென்சில் எழுத்து வெளிறியிருந்தது, ஆனால் படிக்க முடிந்தது. வீட்டு எண், அதன் பக்கத்தில் "உலை 1". கீழே ஐந்து வரிகள்.

முதல் வரியில் தாத்தா: குடும்பத் தலைவர். இரண்டாவதில் பாட்டி: மனைவி. மூன்றாவதில் தாத்தாவின் தாயார்: தாய். நான்காவதில் அம்மா. தலைவருக்கு உறவு: மகள். வயது பன்னிரண்டு. எழுதப் படிக்கத் தெரியும்.

ஐந்தாவது வரியில் மாமா இருந்தார். வயது ஆறு. உறவு என்ற இடத்தில் வாத்தியார் முதலில் "மகன்" என்று எழுதி, ஒரு கோடு போட்டு அடித்திருந்தார். மேலே சிறிய எழுத்தில்: "தம்பி மகன். தாய் தகப்பன் இல்லை. எடுத்து வளர்ப்பது."

நான் அதை மூன்று முறை படித்தேன். பிறகு டீச்சரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க பாட்டி அவங்க அம்மா வீட்ல பெத்த கொழந்தைன்னுதான் ஊருக்கே தெரியுமாம், அதனால உங்க தாத்தா மொதல்ல மகன்னுதான் சொன்னாராம். அப்பா எழுதிட்டாரு. அப்புறம் பின்னாடியே வந்து, சர்க்கார் கணக்கு, பொய் சொல்லக்கூடாது வாத்தியாரே, ஆனா பையன் காதுல விழக்கூடாதுன்னு மெதுவா சொல்லி மாத்தச் சொன்னாராம். உங்கம்மா அப்ப கூடத்தான் நின்னுகிட்டிருந்தாங்க. அவங்ககிட்டயும் சத்தியம் வாங்கினாருன்னு அப்பா சொல்வாரு."

ஆக, பன்னிரண்டு வயதிலிருந்து அம்மாவுக்குத் தெரியும். ஆரத்தித் தட்டை வாங்கியபோது தெரியும். நான் ரத்தப் பரிசோதனை என்று சொன்னபோது அவர் கோபப்பட்டது தனக்காக அல்ல. முடிவு வந்தால் தம்பிக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தார். தம்பிக்கு முன்பே தெரியும் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. மாமா அந்தத் தாளைப் பார்த்துவிட்டு வந்துதான் வாக்குமூலம் எழுதிக் கொடுத்திருக்கிறார். வேறு பொய்யைத் தேடிக்கூட அவர் சிரமப்படவில்லை. தன் வரியை எடுத்து அம்மாவின் பெயருக்கு நேராக எழுதிவிட்டார்.

டீச்சர் எங்கள் ஐந்து வரிகளை மட்டும் படம் எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். வீடுகளின் வரிசையையும், யார் பெயரும் சொல்லாமல், வாயால் சொன்னார்: பிள்ளையார் கோயிலிலிருந்து கிழக்கே எண்ணி ஏழாவது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் எண்ணினேன். பிள்ளையார் கோயில் அதே இடத்தில், இப்போது கிரானைட் போட்டு இருக்கிறது. ஏழாவது இடத்தில் நான்கு மாடிக் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடம். காவலாளி வந்து யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். எங்கள் அம்மா வீடு இங்கேதான் என்றேன். "எந்த ஃப்ளாட்டு, எஸ் ஒன்னா?" என்றார். இல்லை அண்ணா, தரையில் என்றேன். என்னைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துவிட்டு, வண்டி வரும், ஓரமாக நில்லுங்கள் என்றார். ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்றேன்.

அந்த வாரமே ஐந்து வரிகளின் நகலைப் பதிவுத் தபாலில் மாமாவுக்கு அனுப்பினேன். கூட ஒரு கடிதம்: "மாமா, அம்மாவின் முதலாம் ஆண்டு மலரில் இது வெளிவரும். தங்களுக்கு முதலில் தெரிவிப்பது முறை என்று அனுப்புகிறேன்."

நான்காம் நாள் மாலை மாமா வந்தார். தனியாக, ஆட்டோவில். அண்ணனும் நானும் வீட்டில் இருந்தோம். காப்பி வேண்டாம் என்றார்.

"கணக்கெடுப்பு நோட்டெல்லாம் கோர்ட்ல செல்லாதும்மா. வக்கீல கேட்டுட்டுத்தான் வந்துகிறேன்."

"தெரியும் மாமா. நான் கோர்ட்டுக்கு அனுப்பல. உங்களுக்குத்தான் அனுப்பினேன்."

கொஞ்ச நேரம் அம்மாவின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தன் பிள்ளைகளுக்கு இது தெரியாது என்றார். தன் மனைவிக்கும் தெரியாது என்றார். கடைசியில் வந்த வேலையைச் சொன்னார்.

"உங்கம்மா பேர சேத்துடலாம். நானே ஆபீஸுக்கு வந்து எழுதித் தரேன், அவ எங்கப்பா பொண்ணுன்னு. நாளைக்கே வரேன். அந்த ஒரு பக்கத்த மட்டும் மலர்ல போடாத."

அண்ணன் என்னைப் பார்த்தார். அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கு வாழ்நாளில் கிடைக்காதது ஒரு கையெழுத்தில் கிடைக்கிறது. வாங்கிக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். அது தவறான எண்ணம் அல்ல. அதை இங்கே எழுத அவர் அனுமதித்திருக்கிறார்.

நான் மாமாவிடம் ஒன்று கேட்டேன். தாத்தா காலமான ஆண்டே அந்த நோட்டைப் பார்த்தீர்களா?

"பாத்தேன்."

"பாத்துட்டுதான் கோடி கேட்டப்போ அப்படிச் சொன்னீங்க."

"அது ஏதோ வாய் தவறி வந்துடுச்சும்மா. இத்தினி வருசமா சொல்லிச் சொல்லி, எனக்கே அதான் நெஜம்னு ஆயிப்போச்சு." பிறகு, "உங்கம்மா உயிரோட இருந்தா இத நீ செய்ய வுடமாட்டா. அவளுக்கு என் மேல அவ்ளோ உசிரு" என்றார்.

"ஆமா மாமா. அதனாலதான் நீங்க இவ்ளோ நாள் நல்லா இருந்தீங்க."

அவர் எழுந்து போனார். வாசலில் செருப்பைத் தேடும்போது, "நீ உங்கம்மா மாதிரி இல்ல" என்றார். இல்லைதான். அம்மா அந்தக் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, ஐந்தாவது வரியை மறுபடி மறைத்திருப்பார். தாத்தாவிடம் சத்தியம் செய்தவர் அம்மா. நான் யாரிடமும் சத்தியம் செய்யவில்லை.

உறவினர்களுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். எடுத்து வளர்க்கப்பட்டது ஒருவருக்குக் குறை அல்ல. தாத்தா அதைக் குறையாக நினைக்கவில்லை. அதனால்தான் ஒரே உலை என்றார். அம்மாவும் நினைக்கவில்லை. அந்தச் சொல்லை எடுத்து ஒரு பெண்ணை எல்லோர் முன்னிலும் ஒதுக்கி உட்கார வைக்கப் பயன்படுத்தியவர் மாமா. அவர் பிறப்பை நான் இழிவாக எழுதவில்லை. அவர் அந்தச் சொல்லுக்கு என்ன விலை வைத்தாரோ அதே விலைக்குத் திருப்பிக் கொடுக்கிறேன். அவர் பிள்ளைகள் இதை இந்த மலரில்தான் முதலில் படிப்பார்கள். அவர்களுக்கு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அச்சுக்குக் கொடுத்தேன்.

அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றி: இரண்டு மாதம் படுக்கையில் இருந்தார். வலி அதிகம். யாரையும் திட்டவில்லை. கிரைண்டரை விற்றுவிட வேண்டாம், கல் நல்ல கல் என்றார். தம்பி வந்தானா என்று தினமும் கேட்டார். வந்தார், நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள் என்று அண்ணன் சொல்வார். அம்மா அதை நம்பினாரா என்று தெரியவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: அம்மாவைக் கடைசி வாரங்களில் தூக்கி உட்கார வைத்து, தலை வாரிவிட்ட எதிர்வீட்டு அக்கா. மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக நேரம் பார்க்காமல் ஓட்டிய ஆட்டோ அண்ணன். பழைய கையேட்டை எடுத்துத் தந்த நூலகப் பெரியவர். ஒரு தாளைக் கிழித்துத் தராமல் இருந்த வாத்தியாரும், அதைப் பத்திரமாக வைத்திருந்த டீச்சரும். நான் செய்ததில் தனக்கு முழுச் சம்மதம் இல்லாதபோதும் இந்த மலரின் அச்சுப் பிழைகளைத் திருத்தித் தந்த என் அண்ணன்.

இன்றைய நிலை இது. வாரிசுச் சான்றிதழில் அம்மாவின் பெயர் இன்னும் இல்லை. அதைத் திருத்தக் கோரி நாங்கள் கொடுத்த மனு கோட்டாட்சியர் அலுவலகத்தில் நிலுவையில் இருக்கிறது. இரண்டு முறை விசாரணை தள்ளி வைக்கப்பட்டது. மாமாவின் கையெழுத்து இல்லாமல் அது தேறாது என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். மாமா கையெழுத்துப் போடவில்லை. இனிப் போடவும் மாட்டார். ஐந்து வரிகளும் இந்த மலரின் பின் அட்டையில் அச்சிடப்பட்டுள்ளன. மலர் எல்லா உறவினர்களுக்கும் அனுப்பப்படுகிறது. மாமா வீட்டுக்கு நான்கு பிரதிகள், அவருக்கும் அவர் மனைவிக்கும் இரு பிள்ளைகளுக்கும், தனித்தனி உறையில்.